‘சிங், சிங், சிங்’: ஒரு ஸ்விங் பாடலின் குறிப்பிட்ட ஒலிப்பதிவைத் தேடிக் கண்டறிதல்

‘சிங், சிங், சிங்’ என்பது 1936ஆம் ஆண்டு அமெரிக்க இசைக்கலைஞர் லூயி பிரைமா எழுதி இசையமைத்த பாடல் ஆகும். பின்னர் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் இசைக்குழு வாசித்ததன் மூலம் இது ஸ்விங் இசைக் காலத்தின் அடையாளமாகவே மாறியது. பாடல் ஒன்றுதான் என்றாலும் அதன் ஒலிப்பதிவுகள் பல. ஒரு திரைப்படத்திலோ வானொலியிலோ கேட்ட ‘அந்த’ வாசிப்பையே மறுபடியும் கேட்க விரும்புபவர், பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பெரும்பாலும் வேறொரு பதிவுக்கே போய்ச் சேருவார். ஒரு பழைய பாடலின் குறிப்பிட்ட ஒலிப்பதிவை எவ்வாறு அடையாளம் காண்பது என்பதை இப்பாடலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

ஸ்விங் இசை என்றால் என்ன?

ஸ்விங் என்பது ஜாஸ் இசையின் ஒரு வகை. 1930களின் நடுப்பகுதியிலிருந்து 1940களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் இது மிகுந்த செல்வாக்குடன் விளங்கியது. டிரம்பெட், டிராம்போன், சாக்சபோன் ஆகிய ஊதுகருவிகளைப் பிரிவு பிரிவாக அமைத்து, பியானோ, கிதார், பாஸ், டிரம் ஆகியவற்றைத் தாளத்துக்கு வைத்து, பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் வரை சேர்ந்து வாசிப்பது இதன் பொதுவான அமைப்பு. மக்கள் நடனமாடுவதற்காக இது வாசிக்கப்பட்டது. எழுதி வைத்த பகுதிகளுக்கு இடையே தனிக் கலைஞர்கள் அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிப்பதும் உண்டு. நம் கச்சேரிகளில் கற்பனை ஸ்வரத்துக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் இடம் இருப்பதைப் போன்றது இது. ஆகவே ஒரே குழு ஒரே பாடலை இரண்டு நாள் வாசித்தால், இரண்டும் ஒன்றாக இரா. ஒரு குறிப்பிட்ட பதிவைத் தேட வேண்டிய தேவையே இதனால்தான் எழுகிறது.

பாடலின் தோற்றமும் வளர்ச்சியும்

லூயி பிரைமா நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1910இல் பிறந்தவர். பாடகர், டிரம்பெட் கலைஞர். தம்முடைய ‘நியூ ஆர்லியன்ஸ் காங்’ என்ற சிறிய குழுவுடன் 1936 பிப்ரவரியில் பிரன்ஸ்விக் நிறுவனத்துக்காக இப்பாடலை முதலில் பதிவு செய்தார். அது சொற்களுடன் பாடப்பட்ட, சுமார் மூன்று நிமிட அளவிலான பாடல்.

அதே ஆண்டில் பென்னி குட்மனின் குழு இதை எடுத்துக்கொண்டது. ஜிம்மி மண்டி குழுவுக்கு ஏற்ப இதை அமைத்துக் கொடுத்தார். தொடக்கத்தில் குழுவின் பாடகி ஹெலன் வார்ட் இதைப் பாடினார். மேடைகளில் வாசிக்க வாசிக்கப் பாடல் நீண்டது. சொற்கள் விலகின. டிரம் கலைஞர் ஜீன் குருபாவின் டாம்-டாம் முழக்கம் முன்னுக்கு வந்தது. சூ பெர்ரி இயற்றிய ‘கிறிஸ்டோபர் கொலம்பஸ்’ என்ற மற்றொரு மெட்டும் நடுவில் பின்னப்பட்டது. இவ்வாறு மூன்று நிமிடப் பாட்டு ஒன்று, கருவிகள் மட்டும் ஒலிக்கும் நீண்ட இசையாக வளர்ந்தது.

ஒரே பெயரில் உள்ள முக்கியப் பதிவுகள்

1. லூயி பிரைமா, 1936: பிரன்ஸ்விக் தட்டு. பாட்டுக் குரல் உண்டு. குழு சிறியது.

2. குட்மன் குழுவின் வானொலி நிகழ்ச்சிகள், 1936 முதல்: நேரடி ஒலிபரப்பைச் சிலர் வீட்டிலோ கூடத்திலோ தட்டில் பதிந்து வைத்தனர். இவற்றின் நீளமும் ஒலித்தரமும் ஒன்றுக்கொன்று வேறுபடும்.

3. குட்மன் குழு, 1937 ஜூலை 6: ஹாலிவுட்டில் விக்டர் நிறுவனத்துக்காகக் கூடத்தில் செய்த பதிவு. 12 அங்குலத் தட்டின் இரு பக்கங்களிலும் பரவியது. பட்டியல் எண் விக்டர் 36205. மொத்தம் எட்டே முக்கால் நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

4. ‘ஹாலிவுட் ஹோட்டல்’ திரைப்படம், 1937இல் எடுக்கப்பட்டது: குட்மன் குழுவே திரையில் தோன்றி வாசிக்கும் சுருக்கமான வடிவம்.

5. கார்னெகி அரங்கக் கச்சேரி, நியூயார்க், 1938 ஜனவரி 16: சுமார் 12 நிமிடம். கூட்டத்தின் கைதட்டலும் கேட்கும்.

6. ‘தி பென்னி குட்மன் ஸ்டோரி’ திரைப்படம், 1956: குட்மனின் வாழ்க்கையைச் சொல்லும் படம். கார்னெகி கச்சேரியையே உச்சக்காட்சியாகக் காட்டினாலும், அதில் ஒலிப்பது படத்துக்காகப் புதிதாக வாசித்துப் பதிந்த இசை.

இவை தவிரப் பிற குழுக்கள் வாசித்தவையும், குட்மன் தம் பிற்காலத்தில் மீண்டும் வாசித்தவையும் உண்டு. இணையத்தில் ‘சிங், சிங், சிங், பென்னி குட்மன்’ என்று தேடினால் மூன்றாவதும் ஐந்தாவதும் கலந்தே வரும். பலர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணிவிடுகின்றனர்.

கார்னெகி அரங்கக் கச்சேரி

கார்னெகி அரங்கம் 1891இல் திறக்கப்பட்டது. மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குரிய இடமாக அது கருதப்பட்டது. நடன அரங்குகளில் ஒலித்த இசையை அங்கே உட்கார்ந்து கேட்க மக்கள் வருவார்களா என்ற ஐயம் பலருக்கும் இருந்தது. இருந்தும் நுழைவுச் சீட்டுகள் முழுவதும் விற்றுத் தீர்ந்தன.

இக்கச்சேரிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. நிறவேற்றுமை நிலவிய அக்காலத்தில், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேடையில் சேர்ந்து வாசித்தனர். குட்மனுடன் பியானோ கலைஞர் டெடி வில்சனும் வைப்ரபோன் கலைஞர் லயனல் ஹாம்ப்டனும் இருந்தனர். கவுன்ட் பேசி, லெஸ்டர் யங் முதலியோரும், டியூக் எலிங்டன் குழுவைச் சேர்ந்த ஜானி ஹாட்ஜஸ், கூட்டி வில்லியம்ஸ், ஹாரி கார்னி ஆகியோரும் விருந்தினராக வந்து வாசித்தனர்.

நிகழ்ச்சியின் இறுதிப் பகுதியில் ‘சிங், சிங், சிங்’ வாசிக்கப்பட்டது. குருபாவின் முழக்கம், பேப் ரசினின் சாக்சபோன், ஹாரி ஜேம்ஸின் டிரம்பெட், குட்மனின் கிளாரினெட் என்று தனி வாசிப்புகள் அடுத்தடுத்து வந்தன. குட்மன் முடித்ததும் பாடல் முடிந்துவிடும் என்றே கேட்பவர் எதிர்பார்ப்பர். ஆனால் அங்கே பியானோ கலைஞர் ஜெஸ் ஸ்டேசிக்கு வாய்ப்புக் கிடைத்தது. குழுவில் அவர் பெரும்பாலும் தாளத்துக்குத் துணையாக வாசிப்பவர். அன்று சுமார் இரண்டு நிமிடம் அவர் தனியாக வாசித்தார். அதுவரை முழங்கிய இசை அடங்கி, மென்மையாகவும் சிந்தனையில் ஆழ்ந்தது போலவும் அவரது பியானோ ஒலிக்கிறது. ஜாஸ் வரலாற்றில் புகழ்பெற்ற பியானோ வாசிப்புகளுள் ஒன்றாக இது போற்றப்படுகிறது.

1937 விக்டர் பதிவில் இந்தப் பியானோப் பகுதி இல்லை. முன்கூட்டித் திட்டமிடாமல் அந்த ஒரு மாலையில் நேர்ந்தது அது. கார்னெகி பதிவு கிடைக்காமல் போயிருந்தால், நேரில் கேட்டவர்களின் நினைவோடு அதுவும் மறைந்திருக்கும். சரியான பதிவைத் தேடுவது வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு இதுவே சான்று. ஸ்டேசியின் வாசிப்பைப் பற்றிப் படித்த மாணவர் ஒருவர், விக்டர் பதிவைக் கேட்டுவிட்டு அதைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

காணாமற்போய்க் கிடைத்த தட்டுகள்

அக்கச்சேரி விற்பனைக்காகப் பதிவு செய்யப்பட்டதன்று. ஆல்பர்ட் மார்க்ஸ் என்பவர் தம் மனைவிக்குப் பரிசாகக் கொடுப்பதற்காக அதைப் பதிய ஏற்பாடு செய்தார். அவர் மனைவி வேறு யாருமல்லர், முன்பு குட்மன் குழுவில் பாடிய ஹெலன் வார்ட்தான். மேடைக்கு மேலே ஒற்றை ஒலிவாங்கி தொங்கவிடப்பட்டது. அதன் ஒலி கம்பி வழியாக ஒரு பதிவுக்கூடத்துக்குச் சென்று தட்டுகளில் வெட்டப்பட்டது. காந்த நாடா அப்போது அங்கே புழக்கத்தில் இல்லை. ஒரு தட்டில் சில நிமிடமே பதியும் என்பதால் தட்டுகளை மாற்றி மாற்றித் தொடர வேண்டியிருந்தது.

குட்மனுக்கும் ஒரு தொகுதி கிடைத்தது. ஆண்டுகள் சென்றன, தட்டுகள் மறக்கப்பட்டன. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1950இல், வீட்டு அலமாரி ஒன்றிலிருந்து அவை வெளிவந்தன. அதற்குள் நீண்ட நேரம் ஒலிக்கும் எல்.பி. தட்டு சந்தைக்கு வந்துவிட்டது. கொலம்பியா நிறுவனம் 1950ஆம் ஆண்டிலேயே இக்கச்சேரியை இரண்டு எல்.பி. தட்டுகளாக வெளியிட்டது. 12 நிமிட வாசிப்பைத் தடையின்றிக் கேட்க எல்.பி. தட்டே ஏற்றதாக இருந்தது. இத்தொகுதி பெரும் விற்பனை கண்டது.

1999இல் பில் ஷாப் தயாரித்த புதிய சி.டி. பதிப்பு வெளிவந்தது. 1950 பதிப்பில் விடுபட்ட இரண்டு பாடல்கள் அதில் சேர்க்கப்பட்டன. பழைய தட்டின் கீறல் ஒலிகளை அதிகம் நீக்காமல், மூல ஒலியை இயன்றவரை அப்படியே வைத்தனர். ஆகவே கார்னெகி பதிவு என்று உறுதியான பின்னும், எந்தப் பதிப்பு என்ற கேள்வி எஞ்சியிருக்கும். இரைச்சல் குறைவாக இருப்பதாலேயே ஒரு பதிப்பைச் சிறந்தது என்று கொள்ளக்கூடாது. இரைச்சலை நீக்கும்போது கைத்தாளங்களின் மெல்லிய ஒலியும் அரங்கின் அதிர்வும் சேர்ந்தே போய்விடுவதுண்டு.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் இக்கச்சேரியைச் சேர்த்துள்ளது.

இசைத்தட்டின் எண்களைப் படித்தல்

பழைய தட்டு ஒன்று கையில் கிடைத்தால் அதில் இரண்டு வகை எண்களைக் காணலாம்.

முதலாவது பட்டியல் எண். தட்டின் நடுவே ஒட்டிய தாளில் அச்சிடப்பட்டிருக்கும். கடைக்காரர் தட்டை வரவழைப்பதற்கான எண் இது. அதே பதிவு வேறொரு நாட்டில் வேறொரு நிறுவனத்தால் வெளியானால் இந்த எண் மாறிவிடும்.

இரண்டாவது மேட்ரிக்ஸ் எண். இது பதிவு செய்த மூலத் தகட்டுக்கு நிறுவனம் இட்ட எண். பல தட்டுகளில் வரிப்பள்ளங்கள் முடிந்து, தாள் தொடங்கும் இடத்துக்கு இடையிலுள்ள வெற்றுப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். எந்தப் பதிவு என்பதை அறிய இதுவே நம்பத்தக்க சான்று.

ஒரு பாடலை ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வாசித்துப் பதிவது வழக்கம். ஒவ்வொரு முறைக்கும் ‘டேக்’ எண் ஒன்று உண்டு. மேட்ரிக்ஸ் எண்ணுக்குப் பின் வரும் 1, 2, 3 என்ற எண் அதைக் குறிக்கும். முதலில் ஒதுக்கப்பட்ட டேக் பின்னாளில் வேறு தொகுப்பில் வெளிவருவதும் உண்டு. பாடல், குழு, நாள் எல்லாம் ஒன்றாக இருந்தும் கிளாரினெட் வாசிப்பு மட்டும் வேறாக இருந்தால், அது பெரும்பாலும் மாற்று டேக் ஆகும்.

விக்டர் நிறுவனத்தின் அக்கால மேட்ரிக்ஸ் எண்களில் முன்னெழுத்தும் பொருள் தரும். ‘பி’ என்றால் 10 அங்குலத் தட்டு. ‘சி’ என்றால் 12 அங்குலத் தட்டு. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடமும், 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேலும் ஓடும். அந்நாளில் நடன இசைக்கு 10 அங்குலமே வழக்கம். ‘சிங், சிங், சிங்’ 12 அங்குலத்தில் இரு பக்கமும் நிறைந்து வந்ததே அதன் தனித்தன்மையைக் காட்டுகிறது.

காதால் அடையாளம் காணுதல்

தட்டு கையில் இல்லாமல் ஒலி மட்டும் இருந்தால், பின்வரும் கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும்.

பாட்டுக் குரல் உண்டா? உண்டென்றால் அது 1937 விக்டர் பதிவும் அன்று, கார்னெகி பதிவும் அன்று. பிரைமாவின் பதிவாகவோ, 1936 வானொலிப் பதிவாகவோ, வேறொரு குழுவின் பதிவாகவோ இருக்கலாம்.

நீளம் எவ்வளவு? எட்டே முக்கால் நிமிடத்தை ஒட்டி இருந்தால் விக்டர் பதிவாக இருக்க வாய்ப்பு மிகுதி. 12 நிமிடத்தை ஒட்டி இருந்தால் கார்னெகி. மூன்று, நான்கு நிமிடமே இருந்தால், விக்டர் தட்டின் ஒரு பக்கமாகவோ யாரேனும் வெட்டிச் சுருக்கியதாகவோ இருக்கலாம். நீளத்தை மட்டும் நம்பக்கூடாது. அடுத்த சான்றுகளோடு ஒத்துப்பார்க்க வேண்டும்.

நடுவில் ஒரு முறிவு கேட்கிறதா? விக்டர் பதிவில் முதல் பக்கம் முடிந்து இரண்டாம் பக்கம் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. பிற்காலப் பதிப்புகள் இரண்டையும் ஒட்டியிருந்தாலும், கூர்ந்து கேட்டால் இணைப்பு புலப்படும்.

கைதட்டல் கேட்கிறதா? கேட்டால் அது கூடத்தில் செய்த பதிவன்று.

இறுதிப் பகுதியில் நீண்ட பியானோத் தனி உண்டா? 1938க்கு முற்பட்ட ஒலித்தரத்தை ஒத்திருந்து, கைதட்டலும் ஸ்டேசியின் பியானோவும் இருந்தால், கார்னெகி பதிவு என்று கொள்ளலாம்.

யார் வாசிக்கிறார்கள்? இது சற்றுப் பயிற்சி வேண்டும் முறை. 1937 பதிவில் டெனர் சாக்சபோன் தனி வாசிப்பு வீடோ முசோவுடையது. கார்னெகியில் பேப் ரசினுடையது. ஜீன் குருபா 1938 மார்ச்சில் குட்மன் குழுவை விட்டு விலகித் தனிக் குழு தொடங்கினார். எனவே குழுவினர் பட்டியலில் வேறொரு டிரம் கலைஞரின் பெயர் இருந்தால், அந்த வாசிப்பு அதற்குப் பிற்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். இவ்வாறு ஒருவர் குழுவில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் பதிவின் காலத்துக்கு எல்லைக் கற்களாகின்றன.

எங்கே தேடலாம்?

ஒலிப்பதிவுகளை நாள், இடம், கலைஞர், மேட்ரிக்ஸ் எண், டேக், வெளியீட்டு எண் ஆகிய விவரங்களுடன் தொகுத்த பட்டியலை டிஸ்காகிராபி என்பர். இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று, 1942 வரையிலான ஜாஸ் தட்டுகளைப் பட்டியலிட்ட பிரையன் ரஸ்டின் தொகுப்பு. குட்மனுக்கு மட்டுமே தனியாக ரசல் கானர் பல ஆண்டுகள் உழைத்துப் பட்டியல் நூல்கள் எழுதினார்.

இணையத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் நடத்தும் அமெரிக்க வரலாற்று ஒலிப்பதிவுப் பட்டியல் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கலைஞர் பெயர், பாடல் பெயர், எண் என எதை வைத்தும் அதில் தேடலாம். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பழைய தட்டுகளின் ஒலியும் அவற்றின் தாள்களின் படங்களும் உள்ளன. குட்மனின் சொந்த ஆவணங்களும் ஒலிநாடாக்களும் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன.

தனியார் சேகரிப்புகளையும் மறக்கக்கூடாது. கார்னெகித் தட்டுகளை 1950இல் எல்.பி.க்கு மாற்றும் பணியில் ஈடுபட்ட பொறியாளர் வில்லியம் சேவரி, 1930களின் இறுதியில் வானொலி இசையைத் தட்டுகளில் பதிந்து வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பின், 2010இல், அத்தொகுப்பு நியூயார்க்கின் ஹார்லம் பகுதியிலுள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகத்துக்கு வந்தது. எழுபது ஆண்டுகளாகப் பொதுமக்கள் கேட்டிராத வாசிப்புகள் அதில் இருந்தன.

பதிவு செய்த ஆண்டும் வெளியிட்ட ஆண்டும்

இரண்டையும் குழப்பிக்கொள்வது பரவலான தவறு. கார்னெகி பதிவை ‘1950ஆம் ஆண்டுப் பாடல்’ என்று குறிப்பிடும் பட்டியல்கள் உண்டு. 1950 அது வெளியான ஆண்டு, வாசித்தது 1938இல். அதைப் போலவே, ஒரு சி.டி.யின் அட்டையில் 1999 என்று இருந்தால் அது அந்தப் பதிப்பின் ஆண்டு மட்டுமே.

இந்த வேறுபாடு சட்டத்திலும் விளைவை உண்டாக்குகிறது. அமெரிக்காவில் 2018இல் நிறைவேறிய இசை நவீனமயமாக்கல் சட்டத்தின்படி, 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு 100 ஆண்டும், 1947 முதல் 1956 வரை வெளியானவற்றுக்கு 110 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. எனவே 1937இல் வெளியான விக்டர் பதிவு 2037 இறுதி வரை பாதுகாக்கப்படும். சில மாதங்களே பிந்திப் பதிவான கார்னெகி வாசிப்பு, 1950இல் வெளியானதால் 2060 இறுதி வரை பாதுகாக்கப்படும். பள்ளி நிகழ்ச்சிக்கோ காணொளிக்கோ பழைய இசையைப் பயன்படுத்த விரும்புவோர், எந்தப் பதிவு என்று தெரிந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். மற்ற நாடுகளில் விதிகள் வேறாக இருக்கும்.

தேடுவோர் கவனிக்க வேண்டியவை

• பாடலை எங்கே, எப்போது கேட்டீர்கள் என்பதை முதலில் எழுதி வையுங்கள். திரைப்படமாயின் இறுதியில் ஓடும் இசைப் பட்டியலில் கலைஞர் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இருக்கும்.

• இணையத்தில் பாடலுக்கு இட்ட தலைப்பையும் ஆண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். அவற்றை இட்டவர் சரிபார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

• ஒரு சான்று போதாது. நீளம், குரல், தனி வாசிப்பு, கைதட்டல், எண் ஆகியவற்றுள் மூன்றேனும் ஒத்துவர வேண்டும்.

• கிடைத்த விவரத்தைப் பாடல், குழு, நாள், இடம், நிறுவனம், மேட்ரிக்ஸ் எண், டேக் என்ற வரிசையில் குறித்து வைத்தால், பின்னால் தேடுபவருக்கும் பயன்படும்.

இம்முறை ஸ்விங் இசைக்கு மட்டும் உரியதன்று. 78 சுற்று இசைத்தட்டில் வெளியான எந்தப் பாடலுக்கும், எந்த மொழிக்கும் பொருந்தும். பெயர் பலவற்றுக்குப் பொதுவாக இருக்கும். வாசித்த நாளும் வாசித்த கைகளும் ஒவ்வொரு பதிவுக்கும் தனி. அவற்றைக் கண்டறிந்த பின்னரே, தேடியது கிடைத்தது என்று சொல்ல முடியும்.